பட்டியலில் இரண்டு பொன்னுலிங்கம்

போன வாரம் நீங்கள் இருவரும் சேர்ந்து அனுப்பிய மெயிலை மூன்று தடவை படித்தேன். பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. கண் முன்போல இல்லை, விரலும் முன்போல இல்லை. மனசு இந்த விஷயத்துக்குள் போக மறுத்தது என்பதுதான் நிஜக் காரணம்.

நீங்கள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "சார், டேட்டால டூப்ளிகேட் நெறைய கெடக்கு. ஒரே பேரு, ஒரே நம்பரு, ரெண்டு ரெண்டு தடவ இருக்கு. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கோம், ஓட்டுனா ஒரு நிமிசத்துல க்ளீன் ஆயிரும். ஆனா டெலிட் பண்ணப் போனா உங்க கோடு விட மாட்டேங்கு. பக் போல. சரி பண்ணிரட்டுமா?"

பக் இல்லை. நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன். ஏன் பூட்டினேன் என்று கோடுக்குள்ளேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். ஒரு வரியில் அடங்குகிற சங்கதியாக இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

ரத்தப் பட்டியல் தளத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்து உட்காரலாம் என்றிருக்கிறேன். பாஸ்வேர்டுகளைத் தனியாக அனுப்பியாயிற்று. சர்வர் எங்கே இருக்கிறது, எதை எதோடு கோர்த்திருக்கிறேன் என்பதெல்லாம் நீங்களே பார்த்துப் புரிந்துகொள்வீர்கள். என்னைவிட நன்றாகவே புரிந்துகொள்வீர்கள். இந்தப் பூட்டின் கதையை மட்டும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

தொழிலால் நான் புரோகிராமர் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் சரக்குப் பட்டியல் டைப் அடித்தே காலத்தைக் கழித்தவன். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதற்குப் பொட்டு வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். எனக்கு மட்டும் அதன்மேல் கிறுக்குப் பிடித்தது. புத்தகம் வாங்கி, தப்புத் தப்பாக எழுதி, நானே படித்துக்கொண்டேன். முதலில் கொற்கையைப் பற்றி ஒரு இணையப் பக்கம் செய்தேன். மேலே ஒரு முத்து சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே 'இதுவரை வந்தவர்கள்' என்று ஒரு எண் ஓடும். அந்த எண்ணில் பெரும்பங்கு நான்தான் என்று தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிறகு பழைய தமிழ் எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு கருவி செய்தேன். 'ஸ்ரீ' வந்தால் மட்டும் அது படுத்துவிடும். அதற்கும் பிறகுதான் இந்த ரத்தப் பட்டியல்.

உருப்படியாக நான் செய்தது இது ஒன்றுதான். உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம் நடந்தது. கொடுத்தவர்கள் எழுதித் தந்த தாள்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெயர், ஊர், போன் நம்பர், ரத்த வகை. இந்த நான்கையும் ஏற்றி, வகையைத் தேர்ந்தெடுத்தால் ஆட்கள் பெயர் வருகிற மாதிரி ஒரு தளம் செய்தேன். தாளில் வயதும் இருந்தது. ரத்தத்துக்கு வயது எதற்கு என்று விட்டுவிட்டேன். பெரும்பாலும் தமிழில் எழுதியிருந்தார்கள். நான் இங்கிலீஷில் ஏற்றினேன். அப்போது எனக்கு அது சுலபமாக இருந்தது. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தளம் மெல்லப் பிழைத்துக்கொண்டது. ஊருக்கு ஊர் ஆட்கள் தாங்களாகவே பதிந்தார்கள். பதிந்ததை மறந்து மறுபடியும் பதிந்தார்கள். "ஒரே ஆளுக்கே நாலு தடவ போன் போடுதோம் அண்ணாச்சி, அவரு வையுதாரு" என்று குறை வந்தது. எனக்கும் அந்தக் குப்பை பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, உங்கள் ஸ்கிரிப்டின் தகப்பனை எழுதினேன். பெயர், இனிஷியல், ஊர், போன் நம்பர் நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். முதலில் பதிந்ததை வைத்துக்கொள், மற்றதை அழி.

ஓட்டுவதற்கு முன் பட்டியலைக் கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டினேன். அப்போது ஒரு இடத்தில் நின்றேன். உடன்குடி, எஸ். பொன்னுலிங்கம், ஓ பாசிட்டிவ். அடுத்த வரியில் உடன்குடி, எஸ். பொன்னுலிங்கம், அதே நம்பர், ஓ நெகட்டிவ். 'பிளஸ்ஸுக்குப் பதில் மைனஸைத் தட்டியிருக்கிறேன், கை தவறியிருக்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரணில் அட்டைப்பெட்டி இருந்தது. ஏணி போட்டு ஏறி அந்தத் தாளை எடுத்துப் பார்த்திருக்கலாம். சாப்பிட்ட அலுப்பு. பட்டனைத் தட்டினேன். பட்டியல் சுத்தமாயிற்று. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

என் பெயர் என் தாத்தாவின் பெயர். என் பெரியப்பா மகனுக்கும் அதே பெயர். எங்கள் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துக் குடும்பங்களில் அண்ணன் தம்பி இரண்டு பேருமே தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா பெயரைத்தான் வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள்கள் வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதால், அந்தப் பிள்ளையை வீட்டில் வேறு எதையாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். என் அம்மா கடைசிவரை என்னை 'ராசா' என்றுதான் கூப்பிட்டாள். இது எனக்குத் தெரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான் எந்த ஊர்க்காரன் என்பதே மறந்து போயிற்று.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ரத்த வங்கியிலிருந்து டெக்னீசியன் அம்மா போன் செய்தார். அவர் பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார்.

"அண்ணாச்சி, ஓ நெகட்டிவ். பிரசவக் கேஸ். நஞ்சுக்கொடி கீழ எறங்கி இருக்கு, ஆபரேசன் செய்யணும். ரெண்டு பாட்டில் கையில இல்லாம டாக்டர் கத்திய எடுக்க மாட்டேங்காங்க. உங்க லிஸ்ட்ல அஞ்சு பேரு காட்டுது. ஒருத்தரு துபாய்ல. ஒருத்தருக்கு மஞ்சக்காமாலை. ஒருத்தரு போன மாசந்தான் குடுத்திருக்காரு. ஒரு நம்பரு போவவே இல்ல. ஒருத்தரு வந்துட்டு இருக்காரு. இன்னும் ஒரு ஆளு வேணும். வேற யாரும் உண்டா?"

கேட்ட மாத்திரத்தில் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்துவிட்டது. கை தவறித் தட்டிய மைனஸ். தவறவில்லையென்றால்?

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அழித்தது ஒரு தப்பு. அதற்கு அடுத்து நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. "பாத்துச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அழித்த வரி எங்காவது பழைய பிரதியில் கிடக்கும், எடுத்துத் திரும்பச் சேர்த்துவிடலாம், ஆறாவது ஆள் என்று அமைதியாகத் தோன்ற வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இதுதான் என் யோசனை. ஒரு சர்வரில் தேடினேன், இன்னொன்றில் தேடினேன், பழைய சி.டி.க்களைப் போட்டுப் பார்த்தேன். முதல் எஸ். பொன்னுலிங்கத்தின் போன் நம்பர் திரையில் என் மூக்குக்கு நேரே இருந்தது. இரண்டாவது ஆளின் நம்பரும் அதுதானே. அதைச் சுழற்ற ஒரு நிமிடம் போதும். நான் ஒன்றே கால் மணி நேரம் தேடினேன்.

பிரதி கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் போன் செய்தேன். அது அவர்களுடைய மளிகைக் கடை நம்பர். ஒரு அம்மா எடுத்தார்.

"பொன்னுலிங்கம் இருக்காராம்மா?"

அந்தப் பக்கம் ஒரு தயக்கம். "யாரு பேசுதிய?"

"ரத்தப் பட்டியல்லயிருந்து பேசுதேன். அவசரம்."

"எங்க மாமா பேரு வச்சவனையா கேக்கிய? ரெண்டு பேரு இருக்கானுவல்லா. எங்க வீட்டுல ஒருத்தன், கொழுந்தனாரு வீட்டுல ஒருத்தன். ஒங்களுக்கு யாரு வேணும், பெரியவனா, சின்னவனா?"

அண்ணன் சண்முகவேல் மகன் ஒருவன், தம்பி சுந்தரம் மகன் ஒருவன். தாளில் ச. பொன்னுலிங்கம் என்றும், சு. பொன்னுலிங்கம் என்றும்தான் எழுதியிருந்தார்கள். அதைப் பிற்பாடு பரணில் ஏறிப் பார்த்தேன். தமிழில் இரண்டு ஆளாக இருந்தவர்களை இங்கிலீஷில் ஒரே 'எஸ்'ஸுக்குள் போட்டு அடைத்தது நான்.

"யாருக்கும்மா நெகட்டிவ் ரத்தம்?"

"அது சின்னவனுக்குல்லா. அபூர்வ ரத்தம், பாத்து இருந்துக்கோன்னு முகாம்லயே சொல்லி விட்டாவ. அவன் கருப்பட்டி எடுக்க வண்டியில போயிருக்கானே. ஒரு மணி நேரத்துக்கு முன்னால கூப்பிட்டிருந்தா இங்கனதான் நின்னான்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால். அந்த அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவனைப் பிடித்து, அவன் சரக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கில் தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. நானும் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றேன். அதற்குள் உள்ளே அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்து, காத்திருக்க நேரமில்லாமல் அறுத்துவிட்டார்கள். முதலில் வந்தவர் கொடுத்த ஒரு பாட்டில் போதவில்லை. ஓ பாசிட்டிவ் ரத்தத்தை ஏற்றினார்கள். உயிர் போகிற நேரத்தில் அப்படிச் செய்வது முறைதான் என்று டெக்னீசியன் அம்மா சொன்னார். டாக்டர் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. சின்னவன் கொடுத்த பாட்டிலைச் சாயங்காலம் ஏற்றினார்கள். தாயும் பிழைத்தாள், பெண்குழந்தையும் பிழைத்தது.

பிழைத்தவள் பெயர் ஜெசிந்தா. அவள் புருஷன் அந்தோணி, கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். சின்னவன் கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அந்தோணி அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். "ஒங்க லிஸ்டு இல்லேன்னா இன்னைக்கி ஜெசிந்தா இல்ல அண்ணாச்சி" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? ஆட்டத்தானே முடிந்தது.

டெக்னீசியன் அம்மாவிடம் மட்டும் அன்றே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க லேபுல ஒரே பேருல ரெண்டு டியூப் வந்தா ஒண்ணத் தூரப் போட மாட்டோம் அண்ணாச்சி. ரெண்டையும் அப்பிடியே வச்சுட்டு வார்டுல போயி ஆளக் கேப்போம். ஒரே ஆளுதானா, ரெண்டு ஆளான்னு. டியூப்பையே உத்துப் பாத்துட்டு இருந்தா தெரியுமா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை.

மறுநாள் சின்னவன் வரியைத் திரும்ப ஏற்றிவிட்டு அந்தப் பூட்டைப் போட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்தோணி வருஷா வருஷம் மகளின் பிறந்தநாளுக்கு என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு தடவை ஊளி மீன், ஒரு தடவை அழகான ஒரு சங்கு. அவரும் பட்டியலில் பதிந்தார், தன்னோடு சங்கு எடுக்கிற எல்லோரையும் பதிய வைத்தார். அந்தச் சங்கை டி.வி. மேல் வைத்தாள் என் மனைவி. நான் அதைப் பார்க்காமல் டி.வி. பார்க்கப் பழகினேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் மத்தியானம் அந்தோணி கையில் ஒரு ஃபைலோடு வந்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. ஜெசிந்தா இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டிருக்கிறாள்.

"அண்ணாச்சி, டாக்டரு ஒரு டெஸ்டு எடுத்தாவ. இவ ரத்தத்துல என்னமோ எதிர்ப்பு உண்டாயிருக்காம். அடுத்த புள்ள தங்குனாலும் வயித்துக்குள்ளயே அத அழிச்சிரும்ங்காவ. அன்னைக்கி ஏத்துன ரத்தத்தால இருக்கலாம்னு சொல்லுதாவ." ஃபைலைத் திறந்து காட்டினார். "அந்த உடன்குடிப் பையன் ரத்தத்துல எதுவும் கோளாறு இருந்திருக்குமோ? அவனக் குத்தஞ் சொல்லல. சும்மா கேக்கேன். நீங்க கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியும்லா?"

சரக்கை விட்டுவிட்டு வெயிலில் பைக்கில் பறந்து வந்தவன்மேல் பழி போய் உட்காரப் பார்க்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், அது அங்கேயே இருந்துவிடும். இரண்டு மாதம், ஒன்றே கால் மணி நேரம், ஒரு ஏணி. எல்லாவற்றையும் இன்னொருவன் கணக்கில் தள்ளிவிட்டுக் காபி கொடுத்து அனுப்பியிருக்கலாம். மனுஷனுக்கு அப்படி ஒரு எண்ணம் வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

சொல்லிவிட்டேன். சின்னவன் ரத்தம் சரியான ரத்தம், எதிர்ப்பை உண்டாக்கியது அதற்குப் பதில் ஏற்றிய பாசிட்டிவ் ரத்தமாக இருக்கும், சின்னவன் நேரத்துக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று ஆரம்பித்து, பட்டன் தட்டியதிலிருந்து சி.டி. தேடியதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். முடிந்த பிறகு அந்தோணி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ஒண்ணே கால் மணி நேரம் முன்னாலயே நீங்க அவனுக்குப் போன் போட்டிருந்தா, அடுத்த புள்ளையப் பாத்திருக்கலாமோ?"

"பாத்திருக்கலாம்" என்றேன். "உறுதியா சொல்ல முடியாது. ஆனா பாத்திருக்கலாம்."

அவர் ஃபைலை மூடினார். "அன்னைக்கி ஆஸ்பத்திரி வாசல்ல மாதாகிட்ட இவ பொழச்சா போதும்னுதான் கேட்டேன். வேற எதுவும் கேக்கல. கேட்டது கெடச்சிட்டு" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, "ஜெசிந்தாகிட்ட நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நீங்களும் சொல்லாதிய" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கும் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை.

அவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நானாக இருந்தால் அவ்வளவு மரியாதையாகப் பேசிவிட்டுப் போயிருப்பேனா என்பது சந்தேகம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்வார் என்று பல மாதம் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஏ பாசிட்டிவ், திரேஸ்புரம், அந்தோணி. இப்போதும் கூப்பிட்டால் வந்து கொடுத்துவிட்டுப் போகிறார் என்று டெக்னீசியன் அம்மா சொல்கிறார்.

இப்போது உங்களுக்கு. உங்கள் ஸ்கிரிப்ட் என்னுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருக்கிறது, பார்த்தேன். எழுத்துப்பிழையைக்கூடக் கண்டுபிடிக்கிறது. அதை ஓட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அழிக்க மட்டும் வேண்டாம். ஒன்றுபோல் இருக்கிறவர்களை அது பொறுக்கி எடுத்துக் கொடுக்கட்டும். அதை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்யுங்கள். மாதக்கணக்கில் ஆகும். சலிப்பாக இருக்கும். உங்களை யாரும் பாராட்டப் போவதில்லை. நான் பாதிப்பேரைக் கேட்டு முடித்திருக்கிறேன், அதற்கு மேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை. வயதுக்கும் தமிழ் இனிஷியலுக்கும் இடம் சேர்த்துவிட்டேன், கேட்டுக் கேட்டு நிரப்புங்கள். தப்பு நடந்துவிட்டால் சர்வரைத் திறக்காதீர்கள். முதலில் போனை எடுங்கள். யார் காத்திருக்கிறார்களோ அவர்களிடம் தப்பைச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் எங்கேயும் போய்விடாது.

உடன்குடி வரிசையில் எஸ். பொன்னுலிங்கம் இரண்டு தடவை வரும். அந்த இரண்டையும் தொடாதீர்கள். ஓ நெகட்டிவ் கேட்டு என்றைக்காவது உங்களுக்கு அழைப்பு வரும், அன்றைக்கு அந்தக் கடை நம்பரைச் சுழற்றுங்கள். எடுக்கிற அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும். அவர் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். பெரியவனா, சின்னவனா என்று கேட்பார்.

சின்னவன் என்று சொல்லுங்கள்.